பாடியவர் கைக்கு நேராகச் சேரும் காசு: இணைய வானொலியும் ஒரு சட்டச் சொல்லும்

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் பண்டோரா என்னும் இணைய வானொலி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, கேட்டவர்களுக்கு ஒரு வியப்பும் ஓர் எரிச்சலும் சேர்ந்தே கிடைத்தன. தமக்குப் பிடித்த ஒரு பாடகரின் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். அவருடைய இசையின் சாயல் கொண்ட பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் தனி வானொலி நிலையம் அந்த ஒருவருக்காகவே உருவாயிற்று. இது வியப்பு. ஆனால் வேண்டிய பாடலை வேண்டிய நேரத்தில் கேட்க முடியாது. முடிந்த பாடலைத் திருப்பிப் போட முடியாது. அடுத்து வருவது எது என்று முன்கூட்டியே அறிய முடியாது. பிடிக்காத பாடலைத் தாண்டிச் செல்வதற்கும் ஒரு நிலையத்தில் மணிக்கு 6 முறை என்று வரம்பு இருந்தது. இது எரிச்சல். இவற்றுள் எதற்கும் தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை. தடையாக நின்றவை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 114ஆம் பிரிவும், அதையொட்டி எழுந்த உரிம ஏற்பாடுகளுமே.

அந்தப் பிரிவிலுள்ள ஒரு சொல்லைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம். தனிநபருக்கான இணைய வானொலியின் வரலாறு, பெரும்பாலும் புத்திசாலி இளைஞர்கள் கண்டுபிடித்த கணினி நுட்பங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஆனால் பாடியவருக்கும் இசைத்தவருக்கும் அதில் வேறொரு வரலாறு உண்டு. ஒரு பாடல் ஒலித்ததற்கான காசு, நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் வழியாக வருமா, நேராகக் கைக்கு வருமா என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி. அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர்களுக்கு இது வெறும் கணக்கியல் கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள், தாம் ஒலிபரப்பும் பாடலை எழுதியவருக்கு ராயல்டி செலுத்துகின்றன. பாடியவருக்கு எதுவும் செலுத்துவதில்லை. இன்றுவரை இதுவே நிலை. பாடல் ஒலிபரப்பாவதே பாடகருக்கு விளம்பரம், ஆகவே அதற்குக் கூலி எதற்கு என்பது வானொலி முதலாளிகளின் வாதம். ‘ரெஸ்பெக்ட்’ என்னும் புகழ்பெற்ற பாடலை எழுதி 1965இல் முதலில் பாடியவர் ஓடிஸ் ரெட்டிங். 1967இல் அதை அரீதா ஃபிராங்க்ளின் பாடினார். அவர் குரலிலேயே அது கறுப்பின மக்களின், பெண்களின் உரிமைப் பாடலாயிற்று. ஆயினும் அவருடைய குரல் அமெரிக்க வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் பணம் சென்றது பாடலை எழுதியவர் தரப்புக்கே. ‘மரியாதை’ என்று பொருள்படும் அந்தப் பாட்டுக்காக வானொலிகள் அரீதாவுக்கு ஒரு செப்புக் காசும் தரவில்லை.

இந்த நிலையில் முதல் உடைப்பு 1995இல் நிகழ்ந்தது. மின்னிலக்க வழியில் ஒலிபரப்பப்படும் ஒலிப்பதிவுகளுக்கு, பாடியவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் ராயல்டி உண்டு என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1998இல் வந்த திருத்தம் இணைய வானொலிகளை அதற்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. இங்குதான் அந்தச் சொல் வருகிறது. ஒலிபரப்புச் சேவைகளைச் சட்டம் இரண்டாகப் பிரித்தது: ஊடாட்டச் சேவை, ஊடாட்டமல்லாத சேவை. கேட்பவர் ஒரு குறிப்பிட்ட பாடலைக் கேட்டுப் பெற முடியுமானால், அல்லது ‘அவருக்கென்றே தனியாக உருவாக்கப்பட்ட’ நிகழ்ச்சி அவருக்கு அனுப்பப்படுமானால், அது ஊடாட்டச் சேவை. அதை நடத்துவோர் ஒவ்வோர் இசைத்தட்டு நிறுவனத்திடமும் தனித்தனியே பேரம் பேசி அனுமதி பெற வேண்டும். அப்படி இல்லையெனில் அது வானொலியைப் போன்றது. யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அரசு அமைப்பு நிர்ணயிக்கும் கட்டணத்தைச் செலுத்திவிட்டு எந்தப் பாடலையும் ஒலிக்கலாம். இதைச் சட்டமுறை உரிமம் என்கிறோம்.

இந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. 3 மணி நேரத்துக்குள் ஒரே தொகுப்பிலிருந்து 3 பாடல்களுக்கு மேல் ஒலிக்கக் கூடாது. ஒரே கலைஞரின் பாடல்கள் 4ஐத் தாண்டக் கூடாது. எந்தப் பாடல் எப்போது வரும் என்று முன்கூட்டி அறிவிக்கக் கூடாது. பண்டோராவைக் கேட்டவர்கள் அனுபவித்த எரிச்சலுக்கு வேர் இங்கே இருக்கிறது. இதே சட்டத்தில் கேட்பவர் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பகுதி உண்டு. அதுவே நமக்கு முக்கியம்.

யார் கையில் தரப்படுகிறது

சட்டமுறை உரிமத்தின் வழியே வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதைச் சட்டமே எழுதிவைத்தது. 50 விழுக்காடு பதிவின் உரிமையாளருக்கு. அதாவது பெரும்பாலும் நிறுவனத்துக்கு. 45 விழுக்காடு முதன்மைப் பாடகருக்கு அல்லது குழுவுக்கு. மீதி 5 விழுக்காட்டில் பாதி பின்னணியில் கருவி இசைத்தவர்களுக்கு, பாதி பின்னணிக் குரல் கொடுத்தவர்களுக்கு. தொகுப்பின் அட்டையில் பெயர்கூட இல்லாத தாளக்காரரையும் சேர்ந்திசைப் பாடகியையும் ஒரு பதிப்புரிமைச் சட்டம் நினைவில் வைத்தது சிறிய செய்தியன்று.

ஆனால் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பங்கு எழுதப்பட்டிருந்தது, அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்போ நிறுவனத்திடமே இருந்தது. 2002இல் சிறிய இணைய வானொலிகளுக்காக இயற்றப்பட்ட சட்டம்தான், பணத்தை வசூலிக்கும் முகமையே கலைஞரின் பங்கை நேராக அவரிடம் சேர்க்க வேண்டும் என்று மாற்றியது. சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்னும் அந்த முகமை, இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கத்துக்குள் 2000இல் பிறந்து, 2003இல் தனி அமைப்பாயிற்று.

‘பங்கு எப்படியும் பங்குதானே, யார் வழியாக வந்தால் என்ன?’ என்று கேட்கத் தோன்றலாம். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் வழக்குகளை அறிந்த எவரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். முன்பணம் வாங்கிய குடும்பத்தின் கூலி, காகிதத்தில் எவ்வளவு உயர்ந்தாலும், கணக்கு எழுதுபவரின் கையில் அது முன்பணத்துக்குக் கழிந்துகொண்டே போகும், கணக்கோ தீராது. இசைத்தட்டு ஒப்பந்தத்திலும் முன்பணம் உண்டு. பதிவுக்கூடச் செலவு, விளம்பரச் செலவு, பயணச் செலவு என்று பலவும் கலைஞரின் பெயரில் பற்று எழுதப்படும். அவருக்குரிய ராயல்டி அந்தப் பற்றுக்கு வரவு வைக்கப்படும். சூளையின் வன்முறையும் கூடத்தின் ஒப்பந்தமும் ஒன்றல்ல. ஆனால் கணக்கின் இயக்கம் ஒன்றே.

ரூத் பிரவுன் என்னும் கறுப்பினப் பாடகியின் கதை இதற்குச் சான்று. 1950களில் அட்லாண்டிக் நிறுவனத்தை நிமிர்த்தியவை அவருடைய வெற்றிப் பாடல்கள். ‘ரூத் கட்டிய வீடு’ என்றே அந்நிறுவனத்துக்குப் பட்டப் பெயர் இருந்தது. அடுத்த பத்தாண்டில் அவர் வீட்டு வேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். நிறுவனத்தின் கணக்கிலோ அவர் இன்னும் கடனாளி. 1980களில் ஹவல் பெகிள் என்னும் வழக்குரைஞர் கட்டணம் வாங்காமல் அவருக்காகவும் அவரைப் போன்ற பிறருக்காகவும் போராடினார். 1988இல் நிறுவனம் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்து, 20 ஆண்டுகளுக்கான நிலுவையைத் தர ஒப்புக்கொண்டது. முதிய ரிதம் அண்ட் புளூஸ் கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்று அந்தப் போராட்டத்தின் விளைவாகவே தோன்றியது.

இணைய வானொலியின் 45 விழுக்காடு, இத்தகைய கணக்குப் புத்தகத்தைத் தொடாமலேயே கலைஞரிடம் செல்கிறது. அவர் நிறுவனத்துக்கு எத்தனை ‘கடன்’ பட்டிருந்தாலும் அதிலிருந்து கழிக்க முடியாது. ஒப்பந்தத்தை யார் எழுதினார், கையெழுத்திட்டபோது அவருக்கு வழக்குரைஞர் இருந்தாரா என்பவை இங்கே பொருட்டல்ல. தனிநபர் வானொலி தந்த பரிசுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை என்பது நம் கருத்து. அதன் நுட்பங்களைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதைக் கவனிக்காமலே கடந்துவிட்டனர்.

ரசனையை அளந்தவர்கள்

நுட்பங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டச் சிக்கல் அவற்றிலிருந்தே பிறந்தது.

ஒருவரின் ரசனையைக் கணினியால் ஊகிக்க இரு வழிகள் பிறந்தன. முதல் வழி, கூட்டத்தின் ரசனையை ஒப்பிடுவது. 1994இல் எம்.ஐ.டி.யில் உருவான ‘ரிங்கோ’ மின்னஞ்சல் வழியே மக்களிடம் மதிப்பெண்களைப் பெற்று, உங்களைப் போல மதிப்பிட்டவர்கள் விரும்பிய வேறு இசையை உங்களுக்குப் பரிந்துரைத்தது. லண்டனில் 2002இல் தோன்றிய லாஸ்ட்.எஃப்எம், ஒரு மாணவர் எழுதிய ‘ஆடியோஸ்க்ராப்ளர்’ என்னும் மென்பொருளோடு இணைந்து இவ்வழியைப் பெரிதாக்கியது. கணினியில் ஒருவர் கேட்கும் ஒவ்வொரு பாடலும் பதிவாயிற்று. கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து பரிந்துரைகள் பிறந்தன. 2007இல் சிபிஎஸ் நிறுவனம் அதை 14 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2014இல் அதன் வானொலி நிறுத்தப்பட்டது.

இரண்டாம் வழி பண்டோராவினுடையது. ஓக்லாந்தில் 2000ஆம் ஆண்டு டிம் வெஸ்டர்கிரன், வில் கிளேசர், ஜான் கிராஃப்ட் ஆகியோர் தொடங்கிய நிறுவனம், இசைப் பயிற்சி பெற்றவர்களை அமர்த்தி ஒவ்வொரு பாடலையும் காதால் கேட்டு ஆராயச் செய்தது. குரலின் தன்மை, தாளத்தின் போக்கு, கருவிகளின் சேர்க்கை என்று ஏறத்தாழ 450 கூறுகள் வரை மதிப்பெண் இடப்பட்டன. ஒரு பாடலுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். (பணம் தீர்ந்தபோது அந்த ஊழியர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சம்பளமின்றி உழைத்தனர் என்பது நிறுவனத்தின் வீரக் கதையாகச் சொல்லப்படுகிறது. நிலுவைச் சம்பளத்துக்காகச் சிலர் வழக்குத் தொடுத்தனர் என்பது அக்கதையில் சற்று மெல்லிய குரலில் வரும்.)

கூட்டத்தின் ரசனையை ஒப்பிடும் முறை, சமூகத்தில் ஏற்கெனவே உள்ள கோடுகளின் மீதே நடக்கிறது. அமெரிக்க இசை வணிகம் அக்கோடுகளை வெளிப்படையாகவே போட்டது. 1920களிலிருந்து கறுப்பின மக்களின் இசைத்தட்டுகள் ‘இனத் தட்டுகள்’ என்று தனியே விற்கப்பட்டன. பில்போர்டு இதழ் 1949 வரை அப்பெயரிலேயே தனிப் பட்டியல் வெளியிட்டது. வெள்ளையர் கேட்டிராத இசையை, வெள்ளையரின் கேட்புப் பதிவுகளை ஒப்பிட்டு வெள்ளையருக்குப் பரிந்துரைக்க முடியாது. பாடலையே கேட்டு மதிப்பிடும் முறையில், யார் கேட்டார்கள் என்பது ஒரு பொருட்டில்லை. குரலும் தாளமும் மட்டுமே பொருட்டு. யாரும் வாங்காத ஒரு தொகுப்பின் பாடலும் புகழ்பெற்ற பாடலுக்கு அருகில் வந்து நிற்க அது இடமளித்தது. ஆனால் எந்தப் பாடலை மேசைக்குக் கொண்டுவருவது என்ற முடிவு மனிதர் கையில் இருந்ததால், அங்கும் ஒரு வாசல் இருக்கவே செய்தது.

இரண்டு வழியிலும் நிகழ்ச்சி ‘அவருக்கென்றே தனியாக உருவாக்கப்பட்டது’ அல்லவா? அப்படியானால் அது ஊடாட்டச் சேவைதானே? இதே கேள்வியோடு இசைத்தட்டு நிறுவனங்கள் 2001இல் லாஞ்ச் மீடியா என்னும் நிறுவனத்தின் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. அதன் ‘லாஞ்ச்காஸ்ட்’ வானொலியில், கேட்பவர் பாடல்களுக்கும் பாடகர்களுக்கும் மதிப்பெண் அளிப்பார். அதற்கேற்ப 50 பாடல்கள் கொண்ட வரிசை ஒன்றைக் கணினி தயாரிக்கும். 2007இல் ஜூரிகள் லாஞ்ச் பக்கம் தீர்ப்பளித்தனர். 2009 ஆகஸ்டில் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதிமன்றம் சொல்லை அகராதியில் தேடவில்லை. நாடாளுமன்றம் அஞ்சியது எதற்கு என்று பார்த்தது. இசைத்தட்டு வாங்குவதையே தேவையற்றதாக்கும் அளவுக்குக் கேட்பவருக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதே அளவுகோல். அடுத்து வரும் பாடலை இங்கே கேட்பவரால் முன்னறிய முடியாது. ஆகவே இது வானொலியே என்றது நீதிமன்றம். தனிநபர் வானொலிகள் சட்டமுறை உரிமத்தின் குடையின் கீழ் நின்றன. கலைஞரின் நேரடிப் பங்கும் அதனால் நிலைத்தது.

கட்டணம் எவ்வளவு என்ற சண்டை தனியாக நடந்தது. 2002இல் ஒரு பாடலை ஒருவர் கேட்பதற்கு 0.07 சென்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2007இல் ராயல்டி வாரியம் அதை 2006க்கு 0.08 சென்டில் தொடங்கி 2010க்கு 0.19 சென்ட் வரை உயர்த்தியது. அவ்வாண்டு ஜூன் 26 அன்று இணைய வானொலிகள் பல ஒருநாள் மௌனம் காத்து எதிர்ப்புத் தெரிவித்தன. 2009இல் சமரசம் ஏற்பட்டது. 2012இல் கட்டணத்தைக் குறைக்க வழிசெய்யும் மசோதாவைப் பண்டோரா ஆதரித்தபோது, 125 இசைக் கலைஞர்கள் அதைக் கண்டித்து வெளிப்படைக் கடிதம் எழுதினர். கலைஞருக்கான வானொலி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட நிறுவனம், தன் செலவில் பெரும்பகுதி கலைஞருக்குச் செல்வதைத் தாங்க முடியாத பாரமாகக் கண்டது. முதலாளியத்தில் இது புதுமையல்ல.

ஒரு தேதி

இத்தனை நன்மையும் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். அமெரிக்க மத்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1972 பிப்ரவரி 15 முதல் பதிவான ஒலிப்பதிவுகளையே காத்தது. அதற்கு முந்தையவை மாநிலச் சட்டங்களின் பொறுப்பில் விடப்பட்டன. புளூஸ், ஜாஸ், காஸ்பெல், ரிதம் அண்ட் புளூஸ், சோல், மோடவுன் ஆகியவற்றின் பொற்காலப் பதிவுகள் பெரும்பாலும் அந்தத் தேதிக்கு முந்தியவை. மிக மோசமான ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட தலைமுறையும் அதுவே. நேரடிப் பங்கு யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அவர்களே கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பழைய பாடல்களுக்கென்றே நிலையங்கள் நடத்தி விளம்பரப் பணம் ஈட்டிய சேவைகள், அப்பதிவுகளுக்குச் செலுத்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று வாதிட்டன.

2014இல் ஜார்ஜ் ஹோல்டிங், கறுப்பினத் தலைவர் ஜான் கான்யர்ஸ் ஆகியோர் இதைச் சரிசெய்ய ஒரு மசோதாவைக் கொண்டுவந்தனர். அரீதாவின் பாடலை நினைவூட்டி அதற்கு ‘ரெஸ்பெக்ட்’ என்றே பெயரிட்டனர். அது நிறைவேறவில்லை. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளில் 2015இல் சிரியஸ் எக்ஸ்எம் 21 கோடி டாலருக்கும், பண்டோரா 9 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. தி டர்டில்ஸ் குழுவினர் தனியே தொடுத்த வழக்கில், 2016 டிசம்பரில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அம்மாநிலப் பொதுச்சட்டத்தில் அத்தகைய உரிமையே இல்லை என்றது. கடைசியில் 2018 அக்டோபர் 11 அன்று கையெழுத்தான இசை நவீனமயமாக்கல் சட்டம் 1972க்கு முந்தைய பதிவுகளையும் உள்ளே கொண்டுவந்தது. அரீதா ஃபிராங்க்ளின் அதற்குச் சரியாக 8 வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் 16 அன்று இறந்துபோயிருந்தார். ரூத் பிரவுன் 2006இலேயே மறைந்துவிட்டார்.

அந்தச் சட்டம் வந்த காலத்துக்குள் கேட்கும் பழக்கமும் மாறிவிட்டது. 2011இல் அமெரிக்காவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை போன்றவை, வேண்டிய பாடலை வேண்டியபோது தரும் முழுமையான ஊடாட்டச் சேவைகள். அங்கே 45 விழுக்காட்டு விதி கிடையாது. பணம் நிறுவனத்துக்குச் செல்கிறது. நிறுவனம் தன் ஒப்பந்தப்படி கலைஞருக்குக் கணக்குப் பார்க்கிறது. பண்டோராவும் 2017இல் அத்தகைய சேவையைத் தொடங்கியது. தாண்டிச் செல்ல வரம்பு கிடையாது, திருப்பிப் போடலாம். கேட்பவரின் எரிச்சல் தீர்ந்தது. கேட்பவர் பெற்ற ஒவ்வொரு வசதியும், கலைஞரின் நேரடிப் பங்கைப் பழைய கணக்குப் புத்தகத்தை நோக்கித் தள்ளியது. அப்புத்தகம் நிறமற்றதன்று. பிஎம்ஜி நிறுவனம் 2020இல் தன் பழைய ஒப்பந்தங்களைத் தானே ஆராய்ந்தபோது, கறுப்பினத்தவரும் பிறரும் இடம்பெற்ற 15 தொகுதிகளில் 4இல் கறுப்பினக் கலைஞர்களுக்குக் குறைந்த ராயல்டி விகிதம் எழுதப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் நாம் இந்த வானொலியைக் கேட்ட காலம் குறுகியது. அமெரிக்கச் சட்டமுறை உரிமம் அந்நாட்டுக்கு வெளியே செல்லாது என்பதால், 2007 மே மாதம் பண்டோரா வெளிநாட்டவருக்குக் கதவை அடைத்தது. இங்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 31டி பிரிவின் கீழ் ஒலிபரப்புக்குச் சட்டமுறை உரிமம் தந்தது. அது இணையத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி டிப்ஸ் – விங்க் வழக்கில் எழுந்தது. 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பொருந்தாது என்றது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. ஆகவே இங்கு இணைய இசை முழுவதும் நிறுவனங்களோடு பேரம் பேசியே நடக்கிறது. அதே 2012 திருத்தம் 38ஏ பிரிவில், வணிகப் பயன்பாட்டுக்கு நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு என்கிறது. எத்தனை விழுக்காடு, யார் வழியாக என்பதை அது சொல்லவில்லை.

அத்திருத்தத்தின் இன்னொரு வரியைக் கலைஞர்களிடம் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். 2(கியூகியூ) உட்பிரிவின்படி, திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில்துறையின் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துநராகவே கருதப்பட மாட்டார். தம் நிகழ்த்துகை சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். பெயர் சொல்லாத வழக்கத்தை அமெரிக்கச் சட்டம் 5 விழுக்காட்டால் ஈடுசெய்ய முயன்றது. நம் சட்டம் அவ்வழக்கத்தையே அளவுகோலாக்கிக்கொண்டது. பறையோ உடுக்கையோ தூக்கிக்கொண்டு பதிவுக்கூடத்துக்குச் சென்று, ஒருநாள் கூலி வாங்கித் திரும்பும் நம் கலைஞர்கள், கையெழுத்திடும் தாளில் தம் பெயரும் பாடலின் பெயரும் தேதியும் எழுதப்படுகின்றனவா என்று பார்த்து, அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கிறது. அந்த நகலும் அதுவரை பத்திரமாக இருக்க வேண்டும்.